கள்ளச் சிகரெட்டைக் கட்டுப்படுத்த எதைக் கேட்பது? மட்டக்களப்பு, அம்பாறைக்கு ஐந்து வழிகள்

கிராம அபிவிருத்திச் சங்கங்களிலும் வர்த்தகர் சங்கங்களிலும் இருப்பவர்கள் கொஞ்சக் காலமாக ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "கள்ளச் சிகரெட் ஊருக்குள் பெருகிவிட்டது. மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்கு நாங்கள் எதை எழுதிக் கொடுப்பது? சுற்றிவளைப்பைக் கூட்டச் சொல்வதா, வரியைக் குறைக்கச் சொல்வதா, கடைகளுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதா, இல்லை ஊரில் யாருமே விற்கக் கூடாது என்று நாங்களே முடிவெடுப்பதா?"

எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் எழுதலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி எழுதினால் அதிகாரிகள் தங்களுக்கு எது சுலபமோ அதை எடுத்துக்கொள்வார்கள். சுலபமானது எப்போதும் சந்தியில் இருக்கிற பெட்டிக்கடையில் புகுந்து நாலு பெட்டியைத் தூக்கிப்போவதுதான். ஆகவே எது முதல், எது பிறகு, எது வேண்டவே வேண்டாம் என்று நாங்கள் தீர்மானித்துக்கொண்டு போக வேண்டும். அதற்காகத்தான் இந்த ஒப்பீடு.

## பொருள் எங்கிருந்து வருகிறது

மன்னார், கற்பிட்டி, புத்தளம் கரைகளில் கடற்படை அடிக்கடி பிடிப்பது பீடி இலை. அது இந்தியாவில் இருந்து படகில் வருவது. எங்கள் கிழக்குக் கரைக்கு எதிரே வங்காள விரிகுடா விரிந்து கிடக்கிறது. கூப்பிடு தூரத்தில் வேறு நாடு இல்லை. இங்கே கைமாறும் மான்செஸ்டர், பிளாட்டினம் போன்ற வெளிநாட்டுச் சிகரெட்டுகள் பெரும்பாலும் வளைகுடாப் பக்கம் இருந்து, வேறு பொருள் என்று காட்டப்பட்டு, கொழும்புத் துறைமுகத்துக்குக் கொள்கலனில் வருபவை. இன்னும் கொஞ்சம் கட்டுநாயக்கா விமான நிலையம் வழியாகப் பயணிகளின் பயணப் பெட்டிகளில் வருகிறது. பிறகு மொத்த வியாபாரிகளின் கைமாறி, பொலன்னறுவை, புணானை, வாழைச்சேனை என்று வரும் வீதியிலோ, மொனராகலை, சியம்பலாண்டுவை, பொத்துவில் என்று வரும் வீதியிலோ பிஸ்கட்டோடும் சவர்க்காரத்தோடும் சேர்ந்து எங்களிடம் வந்துவிடுகிறது.

ஒரு சின்னக் கணக்கு. 40 அடிக் கொள்கலன் ஒன்றில் சுமார் ஒரு கோடிச் சிகரெட் குச்சிகளை அடுக்கலாம். பத்துப் பெட்டி கொண்ட ஒரு கட்டில் 200 குச்சி. ஆக ஒரு கொள்கலனில் இருப்பது ஐம்பதாயிரம் கட்டு. களுவாஞ்சிகுடியில் ஒரு கடையில் இரண்டு கட்டுப் பிடித்தார்கள் என்று செய்தி வரும்போது இந்த ஐம்பதாயிரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கடையைப் பார்ப்போம். எங்கள் ஊர்களில் சிகரெட்டைப் பெட்டியாக வாங்குபவர் குறைவு. "ஒன்று தாங்க அண்ணன்" என்றுதான் கேட்பார்கள். கடைக்காரர் மேசை லாச்சியில் இருந்து, சட்டபூர்வக் கம்பனிச் சிகரெட்டான கோல்ட் லீஃப் பெட்டி ஒன்றை எடுத்து, மூடியைத் திறந்து, ஒரு குச்சியை நீட்டுவார். தூணில் கயிறு கட்டித் தொங்கும் லைட்டரில் பற்றவைத்துக்கொண்டு அவர் போய்விடுவார். அந்தப் பெட்டி பழைய பெட்டி. உள்ளே இருப்பது வேறு குச்சி. புகைப்பவருக்கு அது தெரியும், விலையிலேயே தெரிந்துவிடும். ஆனால் சட்டம் பார்ப்பது பெட்டியைத்தான். 2015 முதல் பெட்டியின் 80 வீதப் பரப்பை நோயின் படமும் எச்சரிக்கையும் மூட வேண்டும் என்பது எங்கள் சட்டம். மான்செஸ்டர் பெட்டியைப் பார்த்தால் அது கள்ளம் என்று சிறுபிள்ளையும் சொல்லும். குச்சியைத் தனியாகப் பார்த்தால் வரி கட்டியதா இல்லையா என்று நீதிமன்றத்தில் நிரூபிப்பது பெரும்பாடு. இந்த ஒற்றைக் குச்சி வியாபாரம்தான் எங்கள் மாவட்டங்களில் விஷயத்தின் முடிச்சு. கீழே எந்த வழியைப் பேசினாலும் நான் இதற்குத் திரும்பி வருவேன்.

மாவா, பாபுல் போன்ற மெல்லும் புகையிலை வேறு கதை. புகையற்ற புகையிலைக் கலவைகளை விற்பது 2016 முதல் தடை. அதில் தெரிவு செய்ய ஒன்றும் இல்லை. பிடித்து அழிக்க வேண்டியதுதான்.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து கேள்விகள் போதும்.

1. பெரிய கையை (கடத்துபவரை, மொத்த வியாபாரியை) தொடுகிறதா, கடைசிக் கையை (கடைக்காரரை) மட்டும் தொடுகிறதா?
2. புகைப்பவர்கள், குறிப்பாக இளம் பிள்ளைகள், குறைவார்களா?
3. அரசுக்கு வர வேண்டிய வரி வருமா?
4. வெளியில் தெரியாத செலவு யார் தலையில் விழும்?
5. இதைச் செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது: எங்கள் ஊரிடமா, பிரதேச சபையிடமா, கொழும்பிடமா?

இரண்டாவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கள்ளச் சிகரெட்டுக்கு எதிராகப் பேசப் போய், "கம்பனிச் சிகரெட் நல்லது, இதுதான் விஷம்" என்று பேசுகிற கூட்டங்களில் நான் இருந்திருக்கிறேன். மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. விடாமல் புகைப்பவர்களில் பாதிப் பேர் வரை புகையிலையாலேயே இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்தக் கணக்கில் வரி கட்டிய குச்சிக்குச் சலுகை கிடையாது. கள்ளச் சிகரெட் மோசமாவதற்குக் காரணம், அது மலிவாக இருந்து பதினாறு வயதுப் பையனின் கைக்கு எட்டுவதும், எந்தச் சட்டத்துக்கும் பிடிபடாமல் நழுவுவதும்தான்.

## முதலாவது: வரியைக் குறைத்தல்

வர்த்தகர் சங்கங்களில் அதிகம் கேட்கும் யோசனை இது. ஒரு கோல்ட் லீஃப் நூறு ரூபாயைத் தாண்டி நெடுநாள் ஆகிறது. 2022 நெருக்கடிக்குப் பிறகு கலால் வரியும் ஏறியது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதம் ஆனது. விலை ஏறினால் ஆள் மலிவைத் தேடிப் போவான், விலையைக் குறைத்தால் திரும்பி வருவான் என்பது வாதம்.

கேட்க நியாயமாக இருக்கும். கணக்குப் போட்டால் நிற்காது. உதாரணத்துக்கு, நூறு ரூபாய்க் குச்சி ஒன்றில் எழுபது ரூபாய் வரி என்று வைப்போம். கடத்தல்காரன் வரியே கட்டாததால் ஐம்பது ரூபாய்க்கு விற்றும் நல்ல இலாபம் பார்க்கிறான். அரசு வரியைச் சரி பாதியாகக் குறைக்கிறது. இப்போது கம்பனிக் குச்சி 65 ரூபாய். கள்ளக் குச்சி இன்னும் 15 ரூபாய் மலிவு. வேண்டுமானால் அவன் நாற்பதுக்கும் இறங்குவான். வரியில் பாதியைத் துறந்தும் அவனை அசைக்க முடியவில்லை.

இதைச் செய்து பார்த்த நாடு கனடா. 1994 இல் கடத்தலுக்குப் பயந்து மத்திய அரசும் சில மாகாணங்களும் சிகரெட் வரியைப் பெரிதாகக் குறைத்தன. இளைஞர்கள் புகைப்பது கூடியது, வருமானம் விழுந்தது. அந்தக் கடத்தலுக்குச் சரக்கு போனதில் சிகரெட் கம்பனிகளுக்கே பங்கு இருந்தது என்பது பின்னால் வெளியே வந்தது. 2008 இல் இரண்டு பெரிய கம்பனிகள் குற்றத்தை ஏற்று, தண்டமும் இழப்பீடுமாக நூறு கோடி டொலருக்கு மேல் கட்ட உடன்பட்டன.

மறுபக்கம் பிரித்தானியா. 2000 ஆம் ஆண்டு அங்கே புகைக்கப்பட்ட சிகரெட்டில் ஐந்தில் ஒன்று கள்ளச் சரக்கு. வரியைக் குறைக்காமல், மேலும் கூட்டிக்கொண்டே, துறைமுகங்களில் ஸ்கேனர் வைத்தார்கள், சுங்கத்துக்கு ஆள் சேர்த்தார்கள், கம்பனிகளின் ஏற்றுமதிக்குக் கடிவாளம் போட்டார்கள். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அந்தப் பங்கு பாதியளவுக்கு இறங்கியது.

இலங்கையில் சட்டபூர்வமாகச் சிகரெட் தயாரிப்பது சிலோன் டொபாக்கோ கம்பனி ஒன்றுதான். அது பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவின் கிளைக் கம்பனி. கள்ளச் சிகரெட் எவ்வளவு என்று புகையிலைத் தொழில் சொல்லும் கணக்கு, சுயாதீன ஆய்வுகளின் கணக்கைவிடப் பல நாடுகளில் அதிகமாகவே இருந்திருக்கிறது. வரியைக் குறைக்கச் சொல்லும் கடிதத்தில் கையெழுத்து வைக்கும்முன் அந்தக் கணக்கைத் தந்தவர் யார் என்று சங்கங்கள் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும்.

எங்கள் மாவட்டத்தில் இது பொருந்தும் சூழ்நிலை ஒன்றையும் நான் காணவில்லை. வரி விஷயத்தில் கேட்க ஏதாவது உண்டென்றால் வேறொன்று கேட்கலாம். இங்கே கலால் வரி குச்சியின் நீளத்தைப் பொறுத்துப் படி படியாக விதிக்கப்படுகிறது. நீளம் குறைந்த குச்சிக்கு வரி குறைவு. மலிவான சட்டபூர்வக் குச்சியும் இந்தப் படிகளின் இடுக்கில்தான் பிறக்கிறது. படிகளைக் குறைக்கச் சொல்லலாம்.

## இரண்டாவது: சுற்றிவளைப்பு

பொலிஸ், விசேட அதிரடிப்படை, மதுவரித் திணைக்களம், பொது சுகாதாரப் பரிசோதகர் (பீ.எச்.ஐ.) எல்லோருக்கும் இதில் கை உண்டு. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கத் தேசிய புகையிலை, மதுசார அதிகார சபைச் சட்டத்தின்படி பீ.எச்.ஐ.யும் கடைக்குள் போய்ப் பார்க்க அதிகாரம் உள்ளவர். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்றால் நடவடிக்கை எடுக்கலாம்.

இதன் பெரிய நன்மை, இன்றைக்கே செய்யலாம். புதுச் சட்டம் வேண்டாம், வரவுசெலவுத் திட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம். ஒரு பாடசாலைக்கு முன்னால் விற்கிறான் என்றால் நாளைக்கே நிறுத்தலாம். அந்த இடத்தில் வேறு எந்த வழியும் இதற்கு ஈடில்லை.

ஆனால் மறைந்த செலவு பெரியது. எங்கள் பெட்டிக்கடைகளில் கணிசமானவை பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களின் கடைகள். யுத்தத்திலோ சுனாமியிலோ குடும்பத்தைத் தாங்கியவரைப் பறிகொடுத்து, நுண்கடன் எடுத்து, வீட்டு வேலியை வெட்டித் தட்டி வைத்த கடை. சிகரெட்டில் அந்த அக்காவுக்குக் கிடைப்பது குச்சிக்குச் சில ரூபாய். பிடிபட்டால் வழக்கு, நீதிவான் நீதிமன்றத்துக்கு அலைச்சல், குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம். பணத்துக்கு மறுபடி கடன். அவருக்குச் சரக்கு கொண்டுவந்து போட்ட மோட்டார் சைக்கிள்காரன் அடுத்த கிழமை பக்கத்துக் கடைக்குப் போடுவான். வழக்கு அவனிடம் போவதே இல்லை.

சுற்றிவளைப்பில் இரண்டு வகை இருக்கிறது என்பதைச் சங்கங்கள் பிரித்துப் பார்க்க வேண்டும். கடை வாசலில் நடப்பது ஒன்று. களஞ்சியத்திலும் துறைமுகத்திலும் நடப்பது மற்றது. சுங்கக் கட்டளைச் சட்டம் 1869 ஆம் ஆண்டு வந்த பழைய சட்டம் என்றாலும் பல் உள்ள சட்டம்: பொருளைப் பறிமுதல் செய்து அதன் பெறுமதியின் மும்மடங்கு வரை தண்டம் விதிக்கலாம், தகவல் தந்தவருக்கு வெகுமதியும் உண்டு. ஒரு கொள்கலன் பிடிபட்டால் கிழக்கு மாகாணத்தின் எத்தனையோ கடைகளில் சரக்கு வற்றும்.

அதனால் கூட்டத்தில் கேட்க வேண்டியது "சுற்றிவளைப்பைக் கூட்டுங்கள்" என்பது அல்ல. இப்படிக் கேளுங்கள்: "பிடிபடும் ஒவ்வொரு கடையிலும் சரக்கு யாரிடம் வாங்கியது என்ற வாக்குமூலத்தைப் பதியுங்கள். மொத்த விநியோகத்தில் எத்தனை பேரைப் பிடித்தீர்கள் என்று அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள்." இந்த ஒரு கேள்வி கூட்டக் குறிப்பில் ஏறினால் அடுத்த முறை கடைசிக் கையோடு நிற்க முடியாது. வாக்குமூலம் தரும் கடைக்காரருக்கு ஆபத்து உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. சின்ன ஊரில் யார் சொன்னது என்று மறுநாளே தெரிந்துவிடும். சொன்னவரின் பெயர் திறந்த நீதிமன்றத்தில் வராமல் விசாரணையை மேலே கொண்டுபோகும் வழியைப் பொலிஸாரிடம் முதலிலேயே கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

## மூன்றாவது: அடையாளக் குறியும் தடமறிதலும்

சாராயப் போத்தல் மூடியில் பாதுகாப்பு ஸ்டிக்கர் பார்த்திருப்பீர்கள். அதே எண்ணம்தான். தொழிற்சாலையில் இருந்தோ துறைமுகத்தில் இருந்தோ வெளியேறும் ஒவ்வொரு சிகரெட் பெட்டிக்கும் தனி இலக்கம். அந்தப் பெட்டி எந்த விநியோகத்தரிடம் போனது என்பது அரசின் கணினியில் பதிந்திருக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சமவாயத்தை 2003 இலேயே ஏற்ற நாடு இலங்கை. சட்டவிரோதப் புகையிலை வியாபாரத்தை ஒழிப்பதற்கான உலக உடன்படிக்கையிலும் 2016 இல் சேர்ந்தது. அது 2018 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்தது. சிகரெட்டுக்குத் தடமறிதல் முறையை ஐந்து வருடத்துக்குள் ஏற்படுத்த வேண்டும் என்பதும், அந்த வேலையைப் புகையிலைக் கம்பனிகளிடமே ஒப்படைக்கக் கூடாது என்பதும் அதில் உள்ள நிபந்தனைகள். ஆகவே இதைக் கேட்பது புதிதாக ஒன்றைக் கேட்பது ஆகாது; கொடுத்த வாக்கை நினைவூட்டுவதுதான்.

கென்யா 2013 இல் இதைக் கொண்டுவந்தது. வரி முத்திரையைப் பொதுமக்களே தொலைபேசியில் ஸ்கேன் செய்து பார்க்கும் செயலியும் அங்கே வந்தது. 2003 அளவில் 15 வீதமாக இருந்த கள்ளச் சிகரெட்டின் பங்கு 2016 அளவில் 5 வீதத்துக்கு இறங்கியதாக உலக வங்கியின் ஆய்வு காட்டுகிறது. மற்ற நடவடிக்கைகளும் கூடவே இருந்தன என்றாலும் முத்திரைக்குப் பெரிய பங்கு உண்டு.

நன்மை வெளிப்படை. பெரிய கையைத் தொடுகிறது, வரி வருகிறது, பெட்டிக்கடைக்காரருக்கும் பாதுகாப்பு. மறைந்த செலவு என்னவென்றால், இயந்திரத்துக்கும் முத்திரைக்கும் பணம் வேண்டும், ஒப்பந்தம் யாருக்கு என்பதில் இழுபறி வரும், எங்கள் மாவட்டம் நினைத்தால் செய்யக்கூடியது அல்ல. நாடாளுமன்ற உறுப்பினர்கள் வழியாக நிதி அமைச்சிடம் கேட்க வேண்டியது.

இங்கேதான் ஒற்றைக் குச்சி திரும்ப வருகிறது. முத்திரை பெட்டியில் இருக்கும். எங்கள் வாடிக்கையாளர் கையில் பெட்டி இல்லை. லாச்சிக்குள் ஒரு முத்திரை ஒட்டிய பழைய பெட்டி இருந்தால் போதும், அதற்குள் எத்தனை தடவை வேண்டுமானாலும் கள்ளக் குச்சியை நிரப்பலாம். நாட்டுக்கே பொருந்தும் முறை எங்கள் சந்தியில் ஓட்டையாகிவிடும்.

இதற்கு மருந்து சிங்கப்பூரில் இருக்கிறது. வரி கட்டிய ஒவ்வொரு குச்சியிலும் அதற்கான எழுத்துக்குறி அச்சிடப்பட வேண்டும் என்ற விதி 2009 இல் அங்கே வந்தது. குறி இல்லாத குச்சி கையில் இருந்தாலே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. கனடா 2023 இல் ஒவ்வொரு குச்சியிலும் சுகாதார எச்சரிக்கையையே அச்சிடும் சட்டத்தைக் கொண்டுவந்தது. பெட்டியைத் திறந்து குச்சி குச்சியாக விற்கிற நாட்டுக்கு இந்த இரண்டும் சேர்ந்த ஒரு குறிதான் பொருத்தம்: வரி கட்டியதற்கு அடையாளமும் எச்சரிக்கையும் ஒரே இடத்தில். அச்சிடும் செலவு தயாரிப்பாளருடையது. பீ.எச்.ஐ. ஒருவர் மேசையில் கிடக்கும் குச்சியைப் பார்த்தே முடிவு சொல்லலாம். கோரிக்கைக் கடிதத்தில் "தடமறிதல்" என்று எழுதுபவர்கள் "பெட்டியில் மட்டுமல்லாமல் குச்சியிலும்" என்ற சொற்களையும் தயவுசெய்து சேருங்கள்.

## நான்காவது: சில்லறைக்கு அனுமதிப்பத்திரம், ஒற்றை விற்பனைக்குத் தடை

சாராயம் விற்க மதுவரி அனுமதிப்பத்திரம் இல்லாமல் கடையைத் திறக்கவே முடியாது. சிகரெட்டுக்கு அந்தக் கண்டிப்பு இல்லை. முட்டாசி விற்கிற போத்தலுக்குப் பக்கத்தில் சிகரெட் இருக்கும், யாரும் கேட்பதில்லை.

அனுமதிப்பத்திரம் வந்தால் இரண்டு விஷயம் மாறும். யார் விற்கிறார்கள் என்ற பட்டியல் முதல் தடவையாகக் கையில் இருக்கும். அப்புறம், கள்ளச் சரக்கு பிடிபட்டால் தண்டப்பணத்தைவிடப் பெரிய இழப்பு, விற்கும் உரிமையையே இழப்பது. தண்டத்தை வியாபாரச் செலவாகக் கணக்கில் சேர்த்துக்கொள்பவர்கள் கூட உரிமைக்குப் பயப்படுவார்கள்.

மறைந்த செலவு கட்டணத்தில் இருக்கிறது. கட்டணத்தைக் கூட வைத்தால் சின்னக் கடைகள் விலகும், பல்பொருள் அங்காடிகள் மட்டும் நிற்கும். புகையிலையைக் குறைக்க வேண்டும் என்ற கண்ணில் அது நல்லதுதான். விற்கும் இடம் குறைந்தால் பிள்ளைகள் கையில் கிடைப்பதும் குறையும். ஆனால் விலகிய கடைக்காரர் அனுமதி இல்லாமல் ஒளித்து விற்கத் தொடங்கினால் நாங்கள் தொடங்கிய இடத்துக்கே வருவோம். முதல் வருடம் சிறு கட்டணம், கண்டிப்பான பதிவு, பிறகு படிப்படியாகக் கூட்டுவது என்பது என் யோசனை.

ஒற்றைக் குச்சி விற்பனையை அடியோடு தடை செய்யும் யோசனை நாட்டில் பல வருடமாகப் பேசப்படுகிறது. இருபது குச்சியை ஒன்றாக வாங்கப் பணம் இல்லாத மாணவனை அது நிச்சயம் தடுக்கும். கள்ளச் சிகரெட் என்று பார்த்தாலும் பெட்டி வெளியே வந்தாக வேண்டும், பெட்டி வெளியே வந்தால் படமும் முத்திரையும் இல்லாதது காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு உள்ள தயக்கம், நாட்கூலிக்காரர் பெட்டியாக வாங்கினால் வழக்கத்தைவிடக் கூடப் புகைப்பாரோ என்பது. வயல் வாடியில் ஒரு பெட்டி கையில் இருந்தால் அது பின்னேரத்துக்குள் முடிந்துவிடும். அந்தப் பயத்தை வைத்துத் தடையை எதிர்க்க மாட்டேன். தடையோடு சேர்த்துப் பிரதேச வைத்தியசாலைகளில் புகைத்தலைக் கைவிட உதவும் ஆலோசனையும் வேண்டும் என்று கேட்பேன்.

இதில் ஒரு பகுதியை ஊர்மட்டத்திலேயே தொடங்கலாம். பிரதேச சபை தரும் வியாபார அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கும்போது, சிகரெட் விற்கிறீர்களா, யாரிடம் வாங்குகிறீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டுப் பதியலாம். 2025 மே மாதத் தேர்தலுக்குப் பிறகு பெரும்பாலான சபைகளில் மறுபடியும் மக்கள் தெரிவு செய்த உறுப்பினர்கள் இருக்கிறார்கள். கேட்டுப் பார்ப்பதில் செலவு இல்லை.

## ஐந்தாவது: ஊரே விற்பதை நிறுத்துதல்

2010களின் பிற்பகுதியில் பொது சுகாதாரப் பரிசோதகர்கள் முன்னின்று, நாட்டின் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு நகரங்களில் கடைக்காரர்கள் தாங்களாகவே சிகரெட் விற்பதை நிறுத்தினார்கள். யாழ்ப்பாண மாவட்டம் அதில் முன்னணியில் நின்றது. சட்டம் வேண்டாம், கொழும்பு வேண்டாம், ஒரு கூட்டமும் ஒரு முடிவும் போதும்.

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் இரண்டு மூன்று கடை உள்ள ஊர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கோயில் நிருவாகமோ பள்ளிவாசல் நிருவாகமோ தேவாலயச் சபையோ சொன்னால் ஊர் கேட்கும் என்ற நிலை இருக்கும் இடங்களில் இது நிற்கும். திருவிழாக் காலத் தற்காலிகக் கடைகளுக்கு இடம் ஒதுக்கும்போதே நிபந்தனையாகப் போடலாம்.

கல்முனை, மட்டக்களப்பு நகரம், ஏறாவூர் போன்ற இடங்களில் நிற்காது. பத்துக் கடை நிறுத்தினால் பதினோராவது கடைக்குக் கூட்டம் போகும். அதைவிட மோசம், வெளியில் விற்பனை இல்லாத இடத்தில் ஆட்டோவிலும் வீட்டுக் கொல்லையிலும் விற்பவன் வருவான், அவன் கையில் இருப்பது கள்ளச் சரக்காகத்தான் இருக்கும். முடிவெடுத்த ஊர், முடிவோடு நிற்காமல் அந்தக் கொல்லை வியாபாரத்தைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வைத்திருக்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | பெரிய கையைத் தொடுமா | புகைத்தல் குறையுமா | வரி | மறைந்த செலவு யாருக்கு | யார் கையில் |
|---|---|---|---|---|---|
| வரிக் குறைப்பு | இல்லை | கூடும் | விழும் | இளம் பிள்ளைகள், திறைசேரி | நிதி அமைச்சு |
| கடைச் சுற்றிவளைப்பு | இல்லை | பாடசாலை அருகில் மட்டும் | சிறிது | பெட்டிக்கடைக்காரர் | பொலிஸ், மதுவரி, பீ.எச்.ஐ. |
| துறைமுகம், களஞ்சியச் சோதனை | ஆம் | ஓரளவு | கூடும் | ஸ்கேனர், ஆளணிச் செலவு | சுங்கம் |
| பெட்டியிலும் குச்சியிலும் குறி | ஆம் | ஓரளவு | நன்றாகக் கூடும் | தயாரிப்பாளர், அரசு | நிதி அமைச்சு, நாடாளுமன்றம் |
| அனுமதிப்பத்திரம், ஒற்றை விற்பனைத் தடை | ஓரளவு | நன்றாகக் குறையும் | சிறிது | சிறு கடைகள் | சட்டம்; ஒரு பகுதி பிரதேச சபை |
| ஊர்த் தீர்மானம் | இல்லை | சிறு ஊரில் குறையும் | மாற்றம் இல்லை | நிறுத்திய கடைகள் | ஊர் |

## கடிதத்தில் எதை, யாருக்கு

என் தெரிவு குச்சியிலும் குறி, அதோடு சில்லறை அனுமதிப்பத்திரம். ஒன்று இல்லாமல் மற்றது எங்கள் ஊர்களில் வேலை செய்யாது. குறி இருந்து கடைப் பட்டியல் இல்லையென்றால் பார்ப்பதற்கு ஆள் இல்லை. பட்டியல் இருந்து குறி இல்லையென்றால் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. இந்த இரண்டும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு எழுத வேண்டியது. கட்சி பார்க்காமல் மாவட்டத்தின் எல்லா உறுப்பினர்களுக்கும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள்.

அது வரும்வரை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவிடம் கேட்க இரண்டு இருக்கிறது: பாடசாலைச் சுற்றாடலில் உடனடிச் சோதனை, மற்ற இடங்களில் பிடிபட்ட சரக்கு எங்கிருந்து வந்தது என்ற விபரம். பிரதேச சபைக்கு வியாபார அனுமதிப்பத்திரக் கேள்வி. வெல்லாவெளி, பட்டிப்பளை, வவுணதீவு, நாவிதன்வெளிப் பக்கச் சிறு ஊர்கள் ஊர்த் தீர்மானத்தோடு தொடங்கலாம். பொத்துவில், அறுகம்பை போல வெளியார் அதிகம் வந்துபோகும் இடங்களில் விடுதிகளும் கடைகளும் ஏற்கெனவே பல அனுமதிகளோடு ஓடுபவை. அங்கே பதிவில் இருந்து தொடங்குவது சுலபம்.

கடை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. படமும் தமிழ், சிங்கள எச்சரிக்கையும் இல்லாத பெட்டியைக் கொண்டுவந்து, "கடனுக்கு வைத்துக்கொள்ளுங்க, விற்ற பிறகு காசு தாங்க" என்று ஒருவர் சொன்னால் வாங்காதீர்கள். பிடிபடும் நாளில் சரக்கு உங்களுடையது என்றுதான் எழுதப்படும். கம்பனி விநியோக வானில் வாங்குபவர்கள் பற்றுச்சீட்டை எறியாமல் லாச்சியிலேயே வையுங்கள். சோதனைக்கு வருபவரிடம் காட்ட இப்போதைக்கு உங்கள் கையில் இருக்கும் ஒரே சான்று அந்தத் துண்டுதான்.